சோதனை நடந்த சூழ்நிலை

அந்த ஒரே பையை அவன் காலையிலிருந்து நூற்றுப் பதினெட்டு முறை பெல்ட்டில் ஏற்றிவிட்டான். ஒரு கிலோ சோப்புத்தூள் பை. ஆய்வுக்கூடத்துத் தராசில் வைத்து, ஆயிரத்துப் பன்னிரண்டு கிராம் என்று உறுதி செய்துகொண்டு, பையின் மேல் கறுப்பு மையால் எழுதியும் வைத்திருந்தான். பை பெல்ட்டில் ஊர்ந்து போய், நடுவில் தனித் துண்டாக இருந்த முழ நீளப் பகுதியைக் கடக்கும். அந்தத் துண்டுக்கு அடியில்தான் எடையை உணரும் லோட்செல் இருந்தது. பை கடக்கிற அரை நொடிக்குள் அது எடை பார்த்துத் திரையில் எண்ணைக் காட்ட வேண்டும். எடை ஆயிரத்துக்குக் குறைந்தாலோ ஆயிரத்து இருபதைத் தாண்டினாலோ, காற்றழுத்தத்தில் நீளும் ஓர் இரும்புக் கை பையைப் பக்கத்திலிருந்த சிவப்புத் தொட்டிக்குள் தள்ளிவிடும்.

திரையில் ஆயிரத்துப் பன்னிரண்டு வந்தது. அடுத்த முறை ஆயிரத்து ஒன்பது. அதற்கடுத்து ஆயிரத்து இருபத்தொன்று. இரும்புக் கை நீண்டு, ஒரு குற்றமும் செய்யாத பையைத் தொட்டியில் தள்ளியது.

"என்ன தம்பி, விடிஞ்சதுல இருந்து அதே பைதானா? அதுக்கே தலை சுத்தியிருக்கும்" என்றாள் ரேடியோ. நிரப்பும் குழாய்க்கு நேர் கீழே நின்று பை பிடிக்கிற பெண் அவள். வாய் மூடாமல் பேசுவதால் அந்தப் பெயர். இரும்புக் கைக்கு 'மாமியார் கை' என்று பெயர் வைத்ததும் அவள்தான். எது வந்தாலும் குற்றம் கண்டுபிடித்துத் தள்ளுகிறதாம்.

அந்தக் கூடத்தில் எட்டுப் பெண்கள் வேலை செய்தார்கள். பெல்ட்டின் கடைசியில் நின்று பைகளை அட்டைப்பெட்டியில் அடுக்குகிறவள் அவனுடைய அக்கா. பதினான்கு வருடமாக அதே ஆலை. அவனைப் படிக்க வைத்தது அந்த வேலைதான். இப்போது அவன் வேலை பார்க்கிற சின்னப் பட்டறைக்கு இந்த ஆலையில் தானியங்கித் தராசு அமைக்கும் ஒப்பந்தம் கிடைத்திருந்தது. கம்பி இழுத்ததிலிருந்து திரைக்கு மென்பொருள் எழுதியது வரை எல்லாம் அவன் ஒருவனே. பட்டறை முதலாளி வாரத்துக்கு ஒரு தரம் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போவார்.

தொட்டியில் விழுந்த பைகளைக் கத்தரித்து, தூளைத் திரும்பக் கொட்டி, புதுப் பையில் நிரப்புவது பெண்களின் வேலை. அதுவும் வேலை நேரம் முடிந்த பிறகு. சோதனை தொடங்கி நான்கு நாளாக அவர்கள் தினமும் முக்கால் மணி நேரம் கூடுதலாக நின்றுகொண்டிருந்தார்கள். அது அவனை உறுத்தியது. போல்ட்டுகளை இறுக்கிப் பார்த்தான். பெல்ட்டை மாற்றிப் பார்த்தான். பக்கத்துக் கூடத்து இயந்திரத்தின் அதிர்வோ என்று தராசின் கால்களுக்கு ரப்பர் கொடுத்துப் பார்த்தான். எதுவும் கதைக்கு ஆகவில்லை.

கடைசியில் ஒரு மெல்லிய தாள் கீற்றைக் கிழித்து அந்தத் துண்டுப் பெல்ட்டுக்கு மேல் பிடித்தான். கீற்று நின்ற இடத்தில் நிற்காமல் படபடத்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். தகரக் கூரையிலிருந்து ஆறு மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"அக்கா, இந்த ஃபேனையெல்லாம் கொஞ்சம் நிறுத்திப் பாக்கலாமா? காத்து பையை அழுத்துதுன்னு நினைக்கிறேன்."

"காத்துக்கு என்னடா எடை?"

"பத்து கிராம் இருக்கும்போல."

"அப்ப நிறுத்து. குளிர்காலத்துல எதுக்கு ஃபேன். தொட்டியில விழுறது குறைஞ்சா சரி."

அது குளிர்காலம். காலையில் பெண்கள் காதை மூடிக்கொண்டு வேலைக்கு வருகிற மாதம். அவனே போய் ஆறு சுவிட்சுகளையும் அணைத்தான். இறக்கைகள் ஓய்ந்ததும் அதே பையை ஏற்றினான். ஆயிரத்துப் பன்னிரண்டு. ஆயிரத்துப் பன்னிரண்டு. ஆயிரத்துப் பதினொன்று. ஆயிரத்துப் பன்னிரண்டு. ரேடியோ கைதட்டினாள். அவனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நான்கு நாள் தூங்காதவனுக்கு அது போதும்.

மறுநாள் மேனேஜர் முன்னிலையில் ஆயிரம் பை ஓட்டினார்கள். தவறாகத் தள்ளப்பட்டது ஒன்றே ஒன்று. மேனேஜர் அவன் தோளைத் தட்டினார். பட்டறை முதலாளி வந்து, எல்லாம் தன் மேற்பார்வை என்பதுபோல் சிரித்துக்கொண்டு நின்றார்.

அறிக்கைப் படிவத்தில் 'சோதனை நடந்த சூழ்நிலை' என்று ஒரு கட்டம் இருந்தது. மற்றவர்கள் அதில் 'சாதாரணம்' என்று எழுதிவிட்டுப் போவார்கள். அவனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. தராசு செய்கிறவன் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்பது அவன் எண்ணம். கோணல் இல்லாத கையெழுத்தில் இரண்டு வரி எழுதினான்.

'சோதனையின்போது மின்விசிறிகள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. மின்விசிறிகளுடன் இயக்குவதற்குத் தராசின் மேல் காற்றுத் தடுப்பு மூடி ஒன்று அமைக்கப் பரிந்துரைக்கிறேன்.'

கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டான்.

*

இரண்டு மாதம் கழித்துப் பராமரிப்புக்காக ஆலைக்கு வந்தபோது, சுவிட்சுப் பலகைக்கு மேல் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு தாள் மாட்டியிருந்தது. அவனுடைய கையெழுத்து. நகல் எடுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். முதல் வரி மட்டும் இருந்தது. இரண்டாவது வரி இருந்த இடத்தில் தாள் நேராக வெட்டப்பட்டு, அதன் கீழே தட்டச்சில் 'எனவே தராசு இயங்கும்போது மின்விசிறி போடக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும். மேனேஜர்' என்றிருந்தது.

தராசு எப்போதும் இயங்கிக்கொண்டிருந்தது. காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் மாலை ஆறு மணிக்குத்தான் நிற்கும்.

வெயில் காலம் தொடங்கியிருந்தது. கூரை தகரம். பக்கத்துக் கூடத்தில் சோப்புத்தூள் உலர்த்தும் உலையின் ஆவி வேறு. கதவைத் திறந்து வைக்கலாமென்றால் அதுவும் காற்று. ஆகவே கதவும் சாத்தியிருந்தது. வியர்வை படிந்த தோலில் சோப்புத்தூள் விழுந்தால் முதலில் வழுக்கும், பிறகு நுரைக்கும், அதன்பின் எரியும். எட்டுப் பெண்களின் கழுத்திலும் வெள்ளையாக ஒரு கோடு நுரைத்து நின்றது.

"எங்க துணியை இனி துவைக்க வேணாம் தம்பி. நேரா வீட்டுக்குப் போய் மேல தண்ணி ஊத்திக்கிட்டா போதும்" என்றாள் ரேடியோ. முன்புபோல் சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கினாள்.

அக்கா அவனிடம் பேசவே இல்லை. பைகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுத் தட்டை அவன் முன் வைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நீதானேடா எழுதிக் குடுத்தே?"

"அக்கா, நான் மூடி போடச் சொல்லியும் எழுதினேன். அதை வெட்டிட்டு ஒட்டியிருக்காங்க."

"அங்க இருக்கிறது உன் கையெழுத்து. எல்லாரும் அதைத்தான் பாக்கறாங்க. உங்க தம்பி எழுதினதும்மா, அவரையே கேளுங்கன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. நான் என்ன பதில் சொல்றது?"

"அன்னிக்கு நிறுத்துன்னு நீதானே சொன்னே?"

"அன்னிக்குக் குளிர்டா!"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அக்கா தண்ணீர்ச் செம்பை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். போன வருடம் அவளுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்து ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தாள். வெயிலில் நிற்கக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆலையில் கழிப்பறைக்கு ஒரு நாளைக்கு இரண்டு தரம்தான் விடுவார்கள். அதனால் அங்கே அவள் தண்ணீரே குடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து மொத்தமாகக் குடிப்பாள்.

"மறுபடியும் கல் வந்தா?" என்றான்.

"வந்தா உன் தராசுல வச்சு எடை பாரு" என்றாள் அக்கா. இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

*

மறுநாளே அவன் மேனேஜரின் அறைக்கு முன்னால் போய் நின்றான். முக்கால் மணி நேரம் காக்க வைத்துக் கூப்பிட்டார். உள்ளே குளிர்ந்தது. மேசைமேல் இருந்த தாள்கள் பறக்காமலிருக்க, பழைய தராசின் எடைக்கற்களை வைத்திருந்தார்.

"சார், அந்த மூடி விஷயம். அறிக்கையிலயே எழுதியிருந்தேன்."

"பார்த்தேன் தம்பி. பரிந்துரைக்கிறேன்னுதானே எழுதியிருக்கீங்க? கட்டாயம்னு எழுதலையே?"

"ஃபேன் இல்லாம ரொம்பக் கஷ்டப்படறாங்க சார். மூடி போட்டுட்டா ஃபேன் தாராளமா ஓடலாம். தராசு அசையாது."

"மூடி யாரு செலவு?"

அவன் பட்டறை முதலாளியிடம் ஓடினான். அவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கையெழுத்துப் போட்டு ஒப்படைச்ச சாமானை ஏன் நோண்டறே? மூடியைப் போட்டு, அது ஏதாவது ஆச்சுன்னா திரும்ப ஆயிரம் பை ஓட்டிக் காட்டச் சொல்லுவான். சும்மா இரு. உங்க அக்கா அங்க இருக்காங்கங்கறதுக்காக நம்ம பேரைக் கெடுக்காதே."

அவன் சும்மா இருக்கவில்லை. பட்டறையின் பின்பக்கம் பழைய விளம்பரப் பலகைகளிலிருந்து கழற்றிப் போட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடுகள் கிடந்தன. அவற்றை வேலை முடிந்த பிறகு ஒவ்வொன்றாக அறுத்தான். பை நுழைய ஒரு வாய், வெளியேற ஒரு வாய், இரண்டிலும் தொங்குகிற மெல்லிய ரப்பர்ப் பட்டைகள். பட்டைகள் பையை இழுத்தால் எடை கெட்டுவிடும் என்பதால், தராசுத் துண்டுக்கு ஒரு முழம் முன்னாலும் ஒரு முழம் பின்னாலும் தள்ளி அமைத்தான். ஒன்பது நாள் ஆனது. செலவில்லை என்றதும் மேனேஜர் "போட்டுக்குங்க" என்று கையை ஆட்டிவிட்டார்.

ஆலை விடுமுறை நாளில் அவனும் அக்காவும் மட்டும் கூடத்துக்குள் போனார்கள். அப்போதுதான் அவன் கூரையைப் பார்த்தான். ஆறு கொக்கிகள் வெறுமையாகத் தொங்கின.

"ஃபேன் எங்கே?"

"போன வாரம் கழட்டிட்டாங்க. சும்மாதானே தொங்குதுன்னு ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

நல்லவேளையாக அவன் வீட்டிலிருந்து நிற்கும் மின்விசிறி ஒன்றைத் தூக்கி வந்திருந்தான். அதைத் தராசுக்கு இரண்டடி தள்ளி வைத்து முழு வேகத்தில் போட்டான். எடை எழுதிய அதே பழைய பையை ஏற்றினான். மறு முனையில் அக்கா அதைப் பிடித்து, நடந்து வந்து அவன் கையில் கொடுத்தாள். இருநூறு முறை கொடுத்தாள். மின்விசிறிக்கு நேரே வரும்போதெல்லாம் ஒரு விநாடி நின்று, கழுத்தைக் காட்டிவிட்டு வந்தாள்.

இருநூறு முறையும் எண் ஆயிரத்துப் பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவிலேயே நின்றது. மாமியார் கை ஒருதரம்கூட நீளவில்லை.

"நல்லா செஞ்சிருக்கேடா" என்றாள் அக்கா. பல நாளைக்குப் பிறகு அவள் அவனைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான். மின்விசிறி முன்னால் தரையில் உட்கார்ந்து, கொண்டு வந்த தண்ணீரை முழுவதும் குடித்தாள்.

இருநூறு எண்களையும் வரிசையாக எழுதி, திங்கட்கிழமை மேனேஜர் மேசையில் வைத்தான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். பிறகு வேறொரு தாளை எடுத்து அவன் பக்கம் திருப்பினார்.

"இது மூணு மாசத்து உற்பத்தி. பாருங்க. ஃபேன் இருந்தப்ப எவ்வளவு, இல்லாதப்ப எவ்வளவு?"

"ஒரே மாதிரிதான் சார் இருக்கு."

"அப்புறம் எதுக்கு ஃபேன்?"

அந்தத் தாளில் எட்டுப் பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற ஒவ்வொரு நாளும் இருந்தது. அவர்கள் விழுந்துவிடாமல் நின்றதே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில்தான் நிற்கிறார்கள் என்று சொல்ல நினைத்தான். வெளியே வந்த பிறகுதான் அந்த வாக்கியம் முழுதாக வாயில் வந்தது.

"மூடி நல்லா இருக்கு. தூசி படாம இருக்கும்" என்று மேனேஜர் உள்ளேயிருந்து சொன்னது கேட்டது.

*

அடுத்த வாரத்தில் ஒரு நாள் மதியம் அக்கா விழுந்தாள். அவன் அப்போது அங்கே இல்லை. ரேடியோதான் போனில் சொன்னாள்.

"கையில ஒரு பையோட அப்படியே சரிஞ்சுட்டாங்க தம்பி. நாங்க ஓடிப் போறதுக்குள்ள பெல்ட்டுல பை வந்து குவிஞ்சுடுச்சு. மெஷின் கத்துச்சு. சூப்பர்வைசர் ஓடி வந்தாரு. நானும் அக்காவைத் தூக்கத்தான் வர்றாருன்னு நினைச்சேன். பையை ஒதுக்கி பெல்ட்டை ஓட விட்டுட்டுத்தான் திரும்பிப் பாத்தாரு."

"மேனேஜர் வரலையா?"

"அவர் எங்க இறங்கி வர்றாரு."

கதவோரத்தில் அரை மணி நேரம் படுக்க வைத்திருக்கிறார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். அன்று அவளுக்கு அரை நாள் என்று பதிவாயிற்று. மறுநாள் காலை அவள் வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து சாப்பாட்டு டப்பாவைக் கட்டினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டினாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு நாள் லீவு போடு அக்கா."

"மயக்கம் போட்டவங்க எத்தனை பேருக்குத் திரும்ப இடம் குடுத்திருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா? மறுநாளே போய் நின்னாத்தான் இடம் இருக்கும்."

அன்று அவனுக்கும் அங்கே பராமரிப்பு நாள். கூடத்துக்குள் நுழைந்ததும் தராசின் மின்பெட்டியைத் திறந்தான். ஆளுயர இரும்புப் பெட்டி அது. மூளையெல்லாம் அதற்குள்தான். உள்ளே ஒரு சின்ன வெப்பமானி இருந்தது. பெட்டிக்குள் ஐம்பது டிகிரியைத் தாண்டினால் மின்னணுச் சில்லுகள் கெட்டுவிடும் என்பதால், அந்த அளவு வந்ததும் தானாக எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி அவனே எழுதி வைத்திருந்தான். இந்தக் கோடையில் அது நாற்பத்திரண்டைத் தாண்டியதில்லை.

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். ரேடியோ பேசாமல் பை பிடித்துக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு கையால் பெட்டியில் அடுக்கிக்கொண்டு மறு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் நுரை.

ஐம்பதை அழித்துவிட்டு முப்பத்தெட்டு என்று போட்டான். பெட்டியைச் சாத்தினான்.

பதினொன்றேகாலுக்குத் தராசு நின்றது. திரை சிவப்பாக மாறி 'வெப்பம் அதிகம்' என்று மின்னியது. சங்கு ஊதியது. பெல்ட் நின்றது, நிரப்பும் குழாய் நின்றது. எட்டுப் பெண்களும் என்ன செய்வதென்று தெரியாமல் அவனைப் பார்த்தார்கள்.

"உக்காருங்க" என்றான்.

அவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். அந்தக் கூடத்தில் அவர்கள் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. யாரோ தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அடுத்தவளுக்குக் கொடுத்தாள். ரேடியோ, "மாமியாருக்கே வேர்த்துடுச்சுடி!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

மேனேஜர் இரண்டே நிமிடத்தில் வந்துவிட்டார். படிகளில் ஓடி வந்திருக்க வேண்டும். மேல்மூச்சு வாங்கியது.

"என்ன ஆச்சு?"

"சூடு சார். இந்தக் கூடத்துச் சூடு தாங்கலை. பெட்டி குளிர்ந்தாத்தான் ஓடும்." அவன் கூரையின் வெற்றுக் கொக்கிகளைக் காட்டினான். "ஃபேனை மாட்டிக் கதவைத் திறந்து விட்டா சரியாயிடும். மூடி இருக்கு, காத்தால ஒண்ணும் ஆகாது."

மேனேஜர் சிவப்பாக மின்னிய திரையைப் பார்த்தார். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் கை வைத்த மாதிரி வைத்தார்.

"அடடா, கொதிக்குதே" என்றார். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஃபேன் வருமாடா?"

"வரும் அக்கா."

ஒரு மணிக்குச் சாமான் வந்தது. இரண்டு ஆட்கள் தள்ளுவண்டியில் கொண்டு வந்தார்கள். அது மின்விசிறி இல்லை. விருந்தினர் அறை ஜன்னலிலிருந்து கழற்றிய ஏசி. அதன் வாயில் ஒரு தடித்த குழாயைக் கட்டி, குழாயின் மறு முனையை மின்பெட்டியின் பக்கவாட்டில் துளை போட்டு உள்ளே செருகினார்கள். துளையைச் சுற்றிக் காற்று வெளியே போய்விடாமல் பசை பூசினார்கள். எல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. இத்தனை நாள் கேட்டும் கிடைக்காத மின்விசிறி பற்றி யாரும் பேசவில்லை. ஏசியின் பின்பக்கம் கூடத்துக்குள்ளேயே இருந்தது. அது கக்கிய அனல் ரேடியோ நின்ற இடத்தின் மேல் நேராக அடித்தது.

திரை பச்சையானது. இருபத்திரண்டு டிகிரி.

பெட்டியைத் திறந்து முப்பத்தெட்டை ஐம்பதாக்கிவிட்டால், இந்த ஏசியே வேண்டாமென்று சொல்லி எடுக்க வைக்கலாம். சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்தான். மேனேஜர் கை நீட்டினார்.

"சாவி என்கிட்டயே இருக்கட்டும் தம்பி. விலை உயர்ந்த சாமான். அடிக்கடி திறந்தா குளிர் போயிடும்." அவர் சாவியை வாங்கிக்கொண்டு, "நல்ல நேரத்துல சொன்னீங்க. உங்க முதலாளிகிட்டயும் சொல்றேன்" என்றார்.

பெல்ட் ஓடத் தொடங்கியது. பெண்கள் எழுந்து நின்றார்கள்.

மூன்று மணிக்குப் புதிய தொல்லை வந்தது. கூடத்தின் ஆவி, குளிர்ந்த இரும்புப் பெட்டியின் மேல் பட்டு நீராக நின்றது. துளிகள் திரண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, பெட்டிக் கதவின் இடுக்கை நோக்கி வழிந்தன. உள்ளே இறங்கினால் கம்பிகள் போய்விடும். சூப்பர்வைசர் பதறிப்போய் மேனேஜரைக் கூப்பிட்டார். அன்று அவர் மறுபடியும் இறங்கி வந்தார்.

"ஒரு ஆளை நிறுத்தித் துடைச்சுக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது" என்றார். பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து அக்காவிடம் நின்றார். "இந்த அம்மாவுக்குத்தானே நேத்து முடியாமப் போச்சு? பாவம், இவங்களைப் போடுங்க. லேசான வேலை."

மென்மையாகத்தான் சொன்னார். சூப்பர்வைசர் ஸ்டோர் ரூமிலிருந்து மெத்தென்ற புதிய வெள்ளைத் துணியொன்றைக் கொண்டு வந்து அக்காவின் கையில் கொடுத்தார்.

அக்கா பெட்டியின் உச்சியிலிருந்து தொடங்கினாள். மேலே துடைத்து முடிப்பதற்குள் கீழே வேர்த்தது. கீழே துடைத்து நிமிர்வதற்குள் மேலே வேர்த்தது. குனிந்தும் நிமிர்ந்தும் துடைத்தாள். ஒவ்வொரு முறை குனியும்போதும் இடது கை இடுப்புக்குப் போயிற்று. துணி ஈரமாகி, சில்லென்று ஆயிற்று. அவள் சற்று நின்று, அதைக் கழுத்து நுரையின் பக்கம் கொண்டுபோனாள்.

"அம்மா, அது மெஷின் துணி" என்றார் சூப்பர்வைசர். "உங்க மேல இருக்கற சோப்பெல்லாம் அதுல ஒட்டிக்கும்."

அவள் துணியை இறக்கினாள். அவன் அருகே போய், "குடு அக்கா, நான் துடைக்கறேன்" என்றான். அவள் கொடுக்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவுமில்லை. கையால் அவனை ஒதுக்கிவிட்டு மறுபடி குனிந்தாள்.

அவள் முகவாயிலிருந்து ஒரு துளி, துடைத்துப் பளபளவென்று இருந்த இரும்பின் மேல் சொட்டியது. அதையும் துடைத்தாள்.